சைன்அப் பண்ணும்போதே ரோல் குடுக்கறது: அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

ரெஜிஸ்ட்ரேஷன் பேஜ் ரெடி, லாகின் ரெடி, இப்ப "யூசருக்கு ரோல் வேணும்"னு கிளையன்ட் சொல்லிட்டாரு, எங்க ஆரம்பிக்கறதுன்னு கேக்கறவங்களுக்காக இது. எல்லாத்துக்கும் ஒரே உதாரணம்தான் வச்சுக்கறேன், ஒரு வேலைவாய்ப்பு சைட். அதுல வேலை தேடறவங்க இருக்காங்க (கேண்டிடேட்), ஆள் எடுக்கற கம்பெனிக்காரங்க இருக்காங்க (எம்ப்ளாயர்), சைட்டை பாத்துக்கற அட்மின் ஒருத்தர் ரெண்டு பேர். ஃப்ரேம்வொர்க் மைக்ரோசாஃப்ட்டோட ஏஎஸ்பி டாட் நெட் கோர், கூட வர்ற ஐடென்டிட்டி லைப்ரரி (யூசர், லாகின், ரோல் எல்லாத்தையும் பாத்துக்கறது அதுதான்). ஜாங்கோ, லாராவெல் மாதிரி வேற ஃப்ரேம்வொர்க் ஆளுங்களுக்கு கீழ தனியா ஒரு பதில் இருக்கு, ஆனா முதல் பாதி எல்லாருக்கும் பொதுதான்.

ரோல், பர்மிஷன் ரெண்டும் ஒண்ணா?

இல்ல. பர்மிஷன்ங்கறது ஒரு வேலை: "ரெஸ்யூமே டவுன்லோடு பண்ணலாம்", "வேலை அறிவிப்பு போடலாம்". ரோல்ங்கறது அந்த மாதிரி பல பர்மிஷனை சேர்த்து கட்டின மூட்டைக்கு ஒரு பேரு. ஆளுக்கு ஆள் பர்மிஷன் குடுக்காம மூட்டையா குடுத்தா நிர்வாகம் சுலபம்ங்கற இந்த யோசனைய 1992ல டேவிட் ஃபெரயோலோ, ரிச்சர்ட் கூன்னு ரெண்டு பேர் முறைப்படுத்தி எழுதினாங்க, 2004ல அமெரிக்காவுல அது ஒரு ஸ்டாண்டர்டாவே ஆயிடுச்சு. சின்ன ஆப்னா ரோல் மட்டும் போதும், பர்மிஷன் டேபிள்லாம் ஆரம்பத்துலயே கட்டிக்கிட்டு உக்காராதீங்க.

ரெஜிஸ்டர் ஃபார்ம்லயே ஒரு ட்ராப்டவுன் வச்சு "நீங்க யாரு"ன்னு கேக்கலாமா?

கேக்கலாம். கேக்கறதுல தப்பே இல்ல, நிறைய சைட்ல அப்படித்தான் இருக்கு. பிரச்சினை எங்க வருதுன்னா, அந்த ட்ராப்டவுன்ல இருந்து வர்ற பதிலை அப்படியே எடுத்து டேட்டாபேஸ்ல ரோலா போட்டுடறோம் பாருங்க, அங்கதான். ஃபார்ம்ல யூசர் செலக்ட் பண்றது ஒரு விண்ணப்பம் மாதிரி. முடிவு எடுக்க வேண்டியது சர்வர். இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிடுச்சுன்னா கீழ இருக்கற பாதி பதிலை நீங்களே எழுதிடுவீங்க.

எங்க உதாரணத்துல கேண்டிடேட்னு சொன்னா உடனே குடுத்துடலாம், அவர் பாக்கப்போறது அவரோட சொந்த ப்ரொஃபைலும் பொதுவா எல்லாருக்கும் தெரியற வேலை அறிவிப்பும்தான். எம்ப்ளாயர்னு ஒருத்தர் சொன்னா அப்படி குடுக்க முடியாது, ஏன்னா அந்த ரோல் கிடைச்ச அடுத்த நிமிஷம் அவரால ஆயிரக்கணக்கான பேரோட போன் நம்பர், ஈமெயில், முகவரி போட்ட ரெஸ்யூமேவ எல்லாம் பாக்க முடியும். "உங்களுக்கு வேலை ரெடி, ப்ராசசிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்க"ன்னு போன் பண்றவங்களுக்கு இந்த லிஸ்ட் தங்கம். அட்மின்ங்கறது ஃபார்ம்ல வரவே கூடாத வார்த்தை.

ட்ராப்டவுன்ல அட்மின் ஆப்ஷனே நான் வைக்கலையே, அப்புறம் எப்படி ஒருத்தர் அட்மின் ஆவாரு?

ரொம்ப சுலபமா ஆவாரு. பிரவுசர்ல எஃப் 12 அமுக்குங்க, ட்ராப்டவுன் மேல ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் போடுங்க. ஆப்ஷன்ல "எம்ப்ளாயர்"னு இருக்கற வேல்யூ மேல டபுள் கிளிக் பண்ணி "அட்மின்"னு டைப் பண்ணுங்க, என்டர், அப்புறம் அதே ஆப்ஷனை செலக்ட் பண்ணி சப்மிட். ஸ்க்ரீன்ல இன்னும் "எம்ப்ளாயர்"னுதான் தெரியும், ஆனா சர்வருக்கு போறது "அட்மின்". உங்க கோடு அந்த ஸ்ட்ரிங்கை அப்படியே ஆட் டு ரோல் மெத்தடுக்கு குடுத்துச்சுன்னா, அந்த பேர்ல ரோல் ஒண்ணு டேபிள்ல இருக்கறதால எந்த எர்ரரும் வராது, சத்தமே இல்லாம புது அட்மின் ஒருத்தர் உள்ள வந்துடுவாரு. ஹிடன் ஃபீல்டும் இதே கதைதான், ஜாவாஸ்கிரிப்ட் வேலிடேஷனும் இதே கதைதான். போஸ்ட்மேன்ங்கற டூல்ல இருந்து நேரா ரிக்வெஸ்ட் அனுப்பறவருக்கு உங்க ஃபார்மே தேவையில்ல.

இன்னொரு வகை இருக்கு, ஃபார்ம்ல ரோல் ஃபீல்டே இல்லாம நடக்கறது. யூசர் என்டிட்டி கிளாஸையே நேரா ஆக்‌ஷன் மெத்தடோட பேராமீட்டரா வச்சிருப்பீங்க, அதுல "இஸ் அட்மின்"னு ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கும். வெளிய இருந்து ஒருத்தர் ரிக்வெஸ்ட்ல அந்த பேரை சேர்த்து ட்ரூன்னு அனுப்பினா மாடல் பைண்டிங் (ரிக்வெஸ்ட்ல வர்றதை ப்ராப்பர்ட்டில தானா போடற வேலை) சமத்தா எடுத்து நிரப்பிடும். இதுக்கு மாஸ் அசைன்மென்ட்னு பேரு. 2012 மார்ச்ல, கோடு வைக்கற சைட்டான கிட்ஹப்லயே இது நடந்துச்சு. எகோர் ஹோமகோவ்னு ஒருத்தர் கிட்ஹப் ஓடற ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸ்ல இந்த ஓட்டை இருக்குன்னு சொல்லிப் பாத்தாரு, யாரும் பெருசா எடுத்துக்கல, கடைசியில தன்னோட பப்ளிக் கீயை வேற ஆளோட யூசர் ஐடியோட சேர்த்து அனுப்பி ரெயில்ஸோட சொந்த ரெப்போலயே கமிட் போட்டு காட்டிட்டாரு. அதுக்கப்புறம் 2013ல வந்த ரெயில்ஸ் 4ல "எந்தெந்த ஃபீல்டு உள்ள வரலாம்"னு வெளிப்படையா எழுதியே ஆகணும்ங்கற ஸ்ட்ராங் பேராமீட்டர்ஸ் வழக்கமாச்சு.

"அதெல்லாம் பழைய கதை"ன்னு நினைச்சா, 2023ல வேர்ட்பிரஸ்ஸோட அல்டிமேட் மெம்பர் ப்ளகின்ல கிட்டத்தட்ட இதேதான். ரெண்டு லட்சத்துக்கு மேல சைட்ல ஓடிட்டிருந்த ப்ளகின் அது, வேலையே ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் போடறதுதான். "இந்த இந்த ஃபீல்டு வரக்கூடாது"ன்னு ஒரு தடை லிஸ்ட் வச்சிருந்தாங்க, ஆனா பேரை கொஞ்சம் மாத்தி, எழுத்தை பெருசாக்கி, நடுவுல ஸ்லாஷ் போட்டு அனுப்பினா லிஸ்ட் ஏமாந்துடுச்சு, ரெஜிஸ்டர் பண்ற ஆளே தன்னை அட்மினா ஆக்கிக்க முடிஞ்சுது. 2.6.7 வெர்ஷன்லதான் சரி பண்ணாங்க. தடை லிஸ்ட் போடாதீங்க, அனுமதி லிஸ்ட் போடுங்கன்னு நான் சொல்றதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்ப சரியான கோடு எப்படி இருக்கணும்?

ரெஜிஸ்டர் பேஜுக்குன்னு தனியா ஒரு இன்புட் மாடல். அதுல ஈமெயில், பாஸ்வேர்டு, "கணக்கு வகை". அந்த கணக்கு வகை ஒரு ஈனம் (enum, மதிப்புகளுக்கு பேர் வச்ச ஒரு டைப்), ரெண்டே மதிப்பு: கேண்டிடேட், எம்ப்ளாயர். சர்வர்ல ஒரு ஸ்விட்ச்: கேண்டிடேட்னா கேண்டிடேட் ரோல், எம்ப்ளாயர்னா ரோல் எதுவும் குடுக்காம விண்ணப்ப டேபிள்ல ஒரு வரி, வேற எது வந்தாலும் பேட் ரிக்வெஸ்ட். ரோல் பேர் யூசர் அனுப்பின ஸ்ட்ரிங்ல இருந்து எடுத்ததா இருக்கவே கூடாது, உங்க கோடுல இருக்கற கான்ஸ்டன்ட்ல இருந்து வரணும்.

ஈனம் வச்சாச்சே, தப்பான மதிப்பு வராதுன்னு நம்பிடாதீங்க. சாதாரண ஃபார்ம் போஸ்ட்னா ஏஎஸ்பி டாட் நெட் கோர் ஈனத்துல இல்லாத எண்ணை தடுத்து மாடல் எர்ரர் காட்டும். ஆனா ஜேசன் (ஏபிஐக்கு டேட்டா அனுப்பற ஃபார்மட்) பாடியா வந்தா கூட வர்ற ஜேசன் சீரியலைசர் 99னு ஒரு எண் வந்தாலும் வாங்கி வச்சுக்கும். அதனாலதான் ஸ்விட்ச்ல டிஃபால்ட் கிளை கண்டிப்பா மறுக்கணும். டிஃபால்ட்ல அட்மின் போட்டவங்க கோடையெல்லாம் நான் பாத்திருக்கேன், ஏன்னு கேட்டா "டெஸ்டிங்குக்கு போட்டது"ம்பாங்க.

யூசர் டேபிள்லயே "ரோல்"னு ஒரு ஃபீல்டு போட்டா ஆகாதா? தனி டேபிள் எதுக்கு?

ஒரு ஆளுக்கு ஒரே ஒரு ரோல்தான், என்னைக்கும் மாறாதுன்னு அடிச்சு சொல்ல முடிஞ்சா ஆகும். ஆனா வேலைவாய்ப்பு சைட்லயே பாருங்க, ஒரு கம்பெனில ஹெச்ஆரா இருக்கறவரு தனக்கும் வேற வேலை தேடுவாரு. அவருக்கு ரெண்டு ரோலும் வேணும். ஒரே ஃபீல்டுல கமா போட்டு ரெண்டு பேர் எழுத ஆரம்பிச்சீங்கன்னா அன்னைக்கு புடிச்ச சனி. ஐடென்டிட்டில ஏற்கனவே மூணு டேபிள் ரெடியா இருக்கு: யூசர்ஸ், ரோல்ஸ், நடுவுல யூசர் ரோல்ஸ். நடு டேபிள்ல ரெண்டே ஃபீல்டு, யூசர் ஐடி, ரோல் ஐடி, ரெண்டும் சேர்ந்து ப்ரைமரி கீ, அதனால ஒரே ரோல் ரெண்டு தடவ ஒட்டாது. யார் எப்ப குடுத்தாங்கங்கறது அதுல இருக்காது, அது வேணும்னா தனி லாக் டேபிள் வச்சுக்கங்க. எம்ப்ளாயர் ரோலுக்கு அந்த லாக் கண்டிப்பா வைங்கன்னு சொல்லுவேன்.

ரோல் மேனேஜரை இன்ஜெக்ட் பண்ணா "சர்வீஸ் கிடைக்கல"ன்னு எர்ரர் வருதே?

ப்ரோக்ராம் ஃபைல்ல "ஆட் டிஃபால்ட் ஐடென்டிட்டி"ன்னு இருக்கும், டெம்ப்ளேட் அப்படித்தான் குடுக்கும். அதுல ரோல் சப்போர்ட் கிடையாது. அதோட "ஆட் ரோல்ஸ்"ங்கறதையும் சேர்த்து, ஐடென்டிட்டி ரோல் கிளாஸை டைப்பா குடுங்க, என்டிட்டி ஃப்ரேம்வொர்க் ஸ்டோர்ஸ் வரிக்கு முன்னாடி வரணும். ரெஜிஸ்டர் பேஜே ப்ராஜெக்ட்ல காணோம்னு தேடறவங்களுக்கு: அது லைப்ரரிக்குள்ள ஒளிஞ்சிருக்கு, விஷுவல் ஸ்டுடியோல ஸ்கஃபோல்டு ஐட்டம் போட்டு வெளிய எடுத்தாதான் கை வைக்க முடியும்.

"ரோல் டஸ் நாட் எக்ஸிஸ்ட்"னு விழுது, ஆனா பேர் சரியாத்தானே குடுத்திருக்கேன்?

பேர் சரிதான், டேபிள்ல அந்த ரோலே இல்ல. ஆட் டு ரோல் மெத்தட் ரோலை உருவாக்காது, இருக்கறதை ஒட்ட மட்டும்தான் செய்யும். ஆப் கிளம்பும்போதே ரோல்களை விதைச்சுடணும்: ஒரு ஸ்கோப் உருவாக்கி, அதுல ரோல் மேனேஜரை எடுத்து, ஒவ்வொரு பேரா "இருக்கா"ன்னு பாத்து, இல்லன்னா உருவாக்கறது. ஸ்கோப் இல்லாம நேரா எடுத்தா டெவலப்மென்ட்லயே எர்ரர் குடுத்துடும்.

சில பேர் இதை மைக்ரேஷன்ல (டேட்டாபேஸ் அமைப்பை மாத்தற கோடு) ஹேஸ் டேட்டா போட்டு செய்வாங்க. செய்யலாம், ஆனா ரெண்டு கண்ணி இருக்கு. ஒண்ணு, ஐடென்டிட்டி ரோல் கிளாஸ் ஒவ்வொரு தடவயும் புது ஐடி போட்டுக்கும், அதனால ஐடியை நீங்களே நிலையா எழுதலைன்னா ஒவ்வொரு மைக்ரேஷன்லயும் பழைய ரோலை அழிச்சு புதுசு போடற வரி வந்துக்கிட்டே இருக்கும், ஈஎஃப் கோர் (என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர்ங்கற டேட்டாபேஸ் லைப்ரரி) 9ல இருந்து இதை பாத்தா மைக்ரேட் பண்ணவே விடாம எர்ரர் குடுக்குது. ரெண்டாவது, நார்மலைஸ்டு நேம்ங்கற ஃபீல்டை ரோல் மேனேஜர்தான் வழக்கமா பெரிய எழுத்துல நிரப்பும், ஹேஸ் டேட்டால நீங்கதான் நிரப்பணும். மறந்தீங்கன்னா டேபிளைத் தொறந்து பாத்தா ரோல் கண்ணு முன்னாடி இருக்கும், ஆனா ஐடென்டிட்டி தேடினா கிடைக்காது. இந்த ஒண்ணுக்காக ராத்திரி ஒரு மணி வரைக்கும் முட்டிக்கிட்டவங்க நிறைய பேர்.

எழுத்து பெருசு சின்னதுன்னு வித்தியாசம் உண்டா?

உண்டு, அதுவும் பாதி இடத்துல மட்டும், அதான் எரிச்சல். ரோலை ஒட்டும்போது நார்மலைஸ்டு பேரை வச்சு தேடறதால எப்படி எழுதினாலும் ஒட்டிடும். ஆனா பேஜ் மேல ஆத்தரைஸ்னு போட்டு ரோல் பேர் எழுதறோம்ல, அங்க எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கணும். முதல் எழுத்து பெருசா விதைச்சுட்டு ஆத்தரைஸ்ல சின்னதா எழுதினா ரோல் இருந்தும் ஆக்சஸ் டினைடுதான். ஒரு ஸ்டாட்டிக் கிளாஸ்ல கான்ஸ்டன்டா போட்டு எல்லா இடத்துலயும் அதையே கூப்பிடுங்க, முடிஞ்சது.

அக்கவுண்ட் உருவாகிடுச்சு, ரோல் மட்டும் ஒட்டல. அதே ஈமெயில்ல மறுபடி ரெஜிஸ்டர் பண்ணா "ஏற்கனவே இருக்கு"ங்குது. இப்ப அந்த யூசர் என்ன பண்ணுவாரு?

ஒண்ணும் பண்ண முடியாது, சப்போர்ட்டுக்கு போன் பண்ணுவாரு. யூசர் மேனேஜர்ல கிரியேட் கூப்பிட்டதும் அது அங்கயே சேவ் ஆயிடும், ரோல் ஒட்டறது தனி சேவ். நடுவுல டேட்டாபேஸ் ஒரு செகண்ட் அறுந்தாலும் ஆள் இருப்பாரு, ரோல் இருக்காது. ரெண்டையும் ஒரே ட்ரான்சாக்‌ஷன்ல போடுங்க. டிபி கான்டெக்ஸ்ட்ல பிகின் ட்ரான்சாக்‌ஷன், அப்புறம் கிரியேட், அதோட ரிசல்ட் சக்சஸான்னு பாக்கறது, அப்புறம் ரோல், அதோட ரிசல்ட்டையும் பாக்கறது, ரெண்டும் ஓகேன்னா கமிட். ரெண்டாவது ரிசல்ட்டை யாரும் பாக்கறதே இல்ல, அது ஃபெயில்னு திரும்பி வந்தாலும் கோடு பாட்டுக்கு கீழ ஓடி "வெல்கம்" பேஜ் காட்டிடும்.

அஷ்யூர் மாதிரி கிளவுட்ல ரிட்ரை ஆன் ஃபெயிலியர் (அறுந்தா தானா மறுபடி முயற்சி பண்றது) போட்டிருந்தா நீங்களா ட்ரான்சாக்‌ஷன் தொறக்க விடாது, எக்ஸிக்யூஷன் ஸ்ட்ராட்டஜிக்குள்ள வச்சுதான் ஓட்டணும். வெரிஃபிகேஷன் மெயில் அனுப்பறது கமிட்டுக்கு அப்புறம், முன்னாடி இல்ல. மெயில் போயிட்டு அக்கவுண்ட் ரோல்பேக் ஆகி காணாம போச்சுன்னா லிங்க்கை கிளிக் பண்ற ஆளுக்கு தலையும் புரியாது காலும் புரியாது.

ரோல் டேபிள்ல இருக்கு, நான் பாத்துட்டேன், ஆனா ரெஜிஸ்டர் பண்ண உடனே டேஷ்போர்டு போனா ஆக்சஸ் டினைடு. லாக் அவுட் பண்ணி உள்ள வந்தா சரியாயிடுது. ஏன் அண்ணா?

வரிசை மாறியிருக்கும் தம்பி. லாகின் ஆகற நொடியில அந்த ஆளுக்கு என்னென்ன ரோல்னு பாத்து பிரவுசர்ல இருக்கற குக்கிக்குள்ள எழுதி வச்சுடும், அதுக்கப்புறம் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் டேட்டாபேஸை கேக்காது, குக்கியைத்தான் படிக்கும். நீங்க சைன் இன் பண்ணி முடிச்சுட்டு அடுத்த வரியில ரோல் ஒட்டியிருப்பீங்க, குக்கிக்கு அது தெரியாது. ரோல் ஒட்டற வரியை சைன் இன்னுக்கு மேல தூக்கிப் போடுங்க. ஏற்கனவே உள்ள இருக்கற ஆள் தானே ஏதோ பண்ணி அந்த ரிக்வெஸ்ட்லயே ரோல் மாறுதுன்னா ரெஃப்ரெஷ் சைன் இன் கூப்பிட்டா குக்கி புதுசாயிடும்.

சரி, போலி கம்பெனின்னு தெரிஞ்சு எம்ப்ளாயர் ரோலை பிடுங்கிட்டேன். உடனே வெளிய போயிடுவாரா?

மாட்டாரு. மேல சொன்ன அதே குக்கி காரணம்தான். ஐடென்டிட்டி வழக்கமா 30 நிமிஷத்துக்கு ஒரு தடவதான் செக்யூரிட்டி ஸ்டாம்ப்பை (லாகின் இன்னும் செல்லுமான்னு பாக்கற குறியை) சரிபாக்கும், அப்பதான் ரோலையும் புதுசா படிக்கும். அதுவரைக்கும் அவரு ரெஸ்யூமே டவுன்லோடு பண்ணிக்கிட்டேதான் இருப்பாரு, அரை மணி நேரத்துல ஒரு ஸ்கிரிப்ட் என்னவெல்லாம் அள்ளும்னு யோசிச்சுக்கங்க. அப்டேட் செக்யூரிட்டி ஸ்டாம்ப் கூப்பிட்டா அடுத்த சரிபாப்புல லாகினே செத்துடும், ஆனா அந்த சரிபாப்பு வரைக்கும் காத்திருக்கணுமே, அதனால இடைவெளியையும் ரெண்டு மூணு நிமிஷமா குறைச்சுக்கங்க. ரெஸ்யூமே டவுன்லோடு மாதிரி சூடான இடத்துல மட்டும் குக்கியை நம்பாம டேட்டாபேஸ்ல நேரா ஒரு தடவ கேட்டுடுங்க. ஒரு சின்ன க்வெரி, அதுக்கெல்லாம் சைட் ஸ்லோ ஆயிடாது.

குக்கிக்கு பதிலா ஜேடபிள்யூடி டோக்கன் வச்சிருந்தா நிலைமை இன்னும் மோசம், டோக்கன்ல எழுதின ரோல் டோக்கன் காலாவதி ஆகற வரைக்கும் செல்லும். ஏழு நாள் டோக்கன் குடுத்துட்டு "ரோல் மாத்தினா வேலை செய்யல"ன்னு வராதீங்க. ஃபயர்பேஸ்லயும் கஸ்டம் கிளெய்ம்ல ரோல் போட்டா ஐடி டோக்கன் ஒரு மணி நேரம் ஓடும், நடுவுல வேணும்னா கிளையன்ட்ல டோக்கனை கட்டாயமா ரெஃப்ரெஷ் பண்ணணும்.

எம்ப்ளாயரை அப்ரூவ் பண்றது எப்படி டிசைன் பண்றது? "பெண்டிங் எம்ப்ளாயர்"னு ஒரு ரோல் போடட்டுமா?

வேணாம். பெண்டிங்கறது நிலை, ரோல் இல்ல. இன்னைக்கு பெண்டிங் எம்ப்ளாயர், நாளைக்கு ரிஜெக்டட் எம்ப்ளாயர், அப்புறம் சஸ்பெண்டடு எம்ப்ளாயர்னு ரோல் டேபிள் வீங்கிடும். தனியா ஒரு விண்ணப்ப டேபிள்: யூசர் ஐடி, கம்பெனி பேர், நிலை, எப்ப கேட்டாரு, யார் பாத்தாங்க, எப்ப முடிவாச்சு, மறுத்தா என்ன காரணம். அப்ரூவ் பட்டனை அமுக்கினாதான் யூசர் ரோல்ஸ்ல வரி விழும். அதுவரைக்கும் அவருக்கு லாகின் உண்டு, "உங்க விண்ணப்பம் பரிசீலனைல இருக்கு"ன்னு ஒரு பேஜ் உண்டு, அவ்வளவுதான்.

என்னத்தை பாத்து அப்ரூவ் பண்றதுங்கறது தொழில் சார்ந்தது. இந்திய கம்பெனின்னா ஜிஎஸ்டி நம்பர் கேக்கலாம், 15 எழுத்து, ஜிஎஸ்டி போர்ட்டல்ல யார் வேணா போட்டு கம்பெனி பேர், ஆக்டிவா இல்லையான்னு பாக்கலாம். ஆனா அது பொதுவுல கிடைக்கற நம்பர்ங்கறதாலயே, பக்கத்து கம்பெனி நம்பரை போட்டு ஒருத்தர் விண்ணப்பிக்கலாம், பில்லுலயே அச்சடிச்சிருக்கும். நம்பர் நிஜமா இருக்கறதும், இந்த ஆள் அந்த கம்பெனி ஆள்ங்கறதும் வேற வேற. கம்பெனி டொமைன் ஈமெயிலுக்கு லிங்க் அனுப்பி கிளிக் பண்ண வைக்கறது, கூடவே ஒரு போன் கால், இந்த ரெண்டுக்குத்தான் என் ஓட்டு. சின்ன கடைக்காரங்க கிட்ட டொமைன் இருக்காது, ஜிமெயில்தான் இருக்கும், அவங்களை ஒரேயடியா தள்ளிடாதீங்க, போன் மட்டும் வச்சு பாத்துட்டு ஒரு நாளைக்கு இத்தனை ரெஸ்யூமேதான்னு வரம்பு போட்டு விடுங்க.

கூகுள் லாகின் வச்சா ரோல் எங்க கேக்கறது?

இது எல்லாரும் கோட்டை விடற இடம். ரெஜிஸ்டர் பேஜை பாத்து பாத்து செதுக்கியிருப்பாங்க, ஆனா கூகுள் வழியா வர்றவர் அந்த பேஜ் பக்கமே வர மாட்டாரு. ஐடென்டிட்டில எக்ஸ்டெர்னல் லாகின்னு வேற ஒரு பேஜ், அதுக்குள்ள தனியா ஒரு யூசர் கிரியேட் கோடு. அங்க ரோல் ஒட்டலைன்னா ரோல் இல்லாத யூசர் சேந்துக்கிட்டே போவாங்க. அது மட்டுமில்ல, டாட் நெட் 8ல வந்த ஐடென்டிட்டி ஏபிஐ என்ட்பாயின்ட்ஸ் போட்டிருந்தா அதுல ஒரு ரெஜிஸ்டர் என்ட்பாயின்ட் தானா தொறந்திருக்கும், ஈமெயிலும் பாஸ்வேர்டும் மட்டும் வாங்கிக்கிட்டு ரோலே இல்லாம ஆளை உருவாக்கும்.

அதனால அக்கவுண்ட் உருவாக்கற வேலையை ஒரு சர்வீஸ் கிளாஸ்ல வச்சு, எல்லா வாசலும் அதையே கூப்பிடற மாதிரி பண்ணுங்க. கூகுள்ல வந்தவருக்கு முதல் லாகின்ல "நீங்க வேலை தேடறீங்களா, ஆள் எடுக்கறீங்களா"ன்னு ஒரு இடைப்பட்ட பேஜ் காட்டலாம். இல்லன்னா பேசாம கேண்டிடேட் ரோல் குடுத்துட்டு, எம்ப்ளாயர் ஆகணும்னா உள்ள போய் விண்ணப்பிக்கச் சொல்லலாம். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். சந்தேகம்னா எப்பவும் கம்மியான அதிகாரம்.

முதல் அட்மினை எப்படி உருவாக்கறது?

"முதல்ல ரெஜிஸ்டர் பண்றவர் அட்மின்"ங்கற லாஜிக் வேண்டாம், சைட் லைவ் போன அன்னைக்கு உங்களுக்கு முன்னாடி ஒரு பாட் (தானா ஓடற ஸ்கிரிப்ட்) ரெஜிஸ்டர் பண்ணிடும். ஆப் கிளம்பும்போது என்விரான்மென்ட் வேரியபிள்ல இருந்து அட்மின் ஈமெயிலை படிச்சு, அந்த அக்கவுண்ட் இருந்தா ரோல் ஒட்டறது நல்ல வழி, பாஸ்வேர்டே கோடுல தேவைப்படாது. ஈமெயில் கன்ஃபர்ம் ஆயிருக்கான்னும் பாத்துட்டு ஒட்டுங்க, இல்லன்னா வேற யாராவது உங்க ஈமெயிலை போட்டு முந்திக்கலாம். அடுத்தடுத்த அட்மினை முதல் அட்மின் உள்ள இருந்து சேக்கட்டும். கடைசி அட்மினை நீக்க முடியாதுன்னு ஒரு செக் போட்டு வைங்க, இல்லன்னா என்னைக்காவது ஒருத்தர் தன்னையே நீக்கிக்குவாரு.

கம்பெனில இன்னொரு ஹெச்ஆரை சேக்கணும்னா இன்வைட் லிங்க் அனுப்பலாமா?

தாராளமா. லிங்க்ல ரோல் பேர் போடாதீங்க, கணிக்க முடியாத ஒரு டோக்கன் மட்டும் போடுங்க. எந்த கம்பெனி, எந்த ரோல், எந்த ஈமெயிலுக்கு, எப்ப காலாவதிங்கறதெல்லாம் சர்வர் டேபிள்ல இருக்கட்டும். ஒரு தடவ யூஸ் பண்ணா செத்துடணும். எந்த ஈமெயிலுக்கு அனுப்பினோமோ அந்த ஈமெயில்லதான் ரெஜிஸ்டர் பண்ண முடியணும், இல்லன்னா வாட்ஸப் குரூப்ல ஃபார்வர்டு ஆகி யார் யாரோ உள்ள வருவாங்க.

மெனுல லிங்க்கை மறைச்சுட்டா போதாதா?

போதாது. யூஆர்எல் டைப் பண்ணத் தெரிஞ்ச எல்லாரும் உள்ள வருவாங்க. வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2021ல போட்ட டாப் டென் ஆபத்து லிஸ்ட்ல உடைஞ்ச ஆக்சஸ் கன்ட்ரோல்தான் முதல் இடம்.

ஆத்தரைஸ்ல ரெண்டு ரோல் எழுதினா "அல்லது"வா "மற்றும்"மா?

ஒரே வரியில கமா போட்டா ஏதாவது ஒண்ணு இருந்தா போதும். ரெண்டு வரியா தனித்தனியா போட்டா ரெண்டும் இருக்கணும். இது தெரியாம ரெண்டு வரி போட்டுட்டு யாருமே உள்ள வர முடியலன்னு தவிக்கறவங்க உண்டு. நாலஞ்சு இடத்துல ஒரே கூட்டணி வருதுன்னா பாலிசியா எழுதிடுங்க. ஆனா ஒண்ணு, எம்ப்ளாயர்ங்கற ரோல் "இவரு ஒரு எம்ப்ளாயர்"னு மட்டும்தான் சொல்லும், "இந்த அறிவிப்பு இவரோடது"ன்னு சொல்லாது. யூஆர்எல்ல அறிவிப்பு நம்பரை மாத்தி அடுத்த கம்பெனியோட அறிவிப்பை திருத்த முடியுதுன்னா ரோல் எவ்வளவு சரியா இருந்தும் பிரயோஜனமில்ல. உரிமையாளர் யாருன்னு தனியா பாருங்க.

நாங்க டாட் நெட் இல்ல, எங்களுக்கு?

லாராவெல்னா மாடல்ல ஃபில்லபிள் லிஸ்ட்ல ரோல் ஃபீல்டை சேக்காதீங்க, கார்டடை காலி அரேவா விட்டுட்டு ரிக்வெஸ்ட்டை மொத்தமா அள்ளிப் போடாதீங்க. ரோல் மேனேஜ்மென்ட்டுக்கு ஸ்பாஷி (Spatie) கம்பெனியோட பர்மிஷன் பேக்கேஜ் நல்லாவே இருக்கு. ஜாங்கோன்னா குரூப்ஸ் ஏற்கனவே உள்ள இருக்கு, அதையே ரோலா வச்சுக்கலாம். கஸ்டம் யூசர் மாடல் வேணும்னா முதல் மைக்ரேஷனுக்கு முன்னாடியே போட்டுடுங்க, நடுவுல மாத்தறது பெரிய தலைவலி. மாடல் ஃபார்ம்ல எல்லா ஃபீல்டும்னு போட்டா சூப்பர்யூசர் ஃபீல்டும் சேந்து வரும், ஜாக்கிரதை. ஸ்பிரிங் செக்யூரிட்டில ஹேஸ் ரோல்னு கேட்டா முன்னாடி "ரோல் அண்டர்ஸ்கோர்" தானா ஒட்டிக்கிட்டு தேடும், டேபிள்ல அந்த முன்னொட்டு இல்லாம வச்சா பொருந்தாது. சுபாபேஸ்ல யூசர் மெட்டாடேட்டாவுல ரோல் வைக்கவே கூடாது, அதை யூசரே மாத்திக்க முடியும், ஆப் மெட்டாடேட்டாவுல வைங்க. வேர்ட்பிரஸ்ல செட்டிங்ஸ்ல "புது யூசரோட டிஃபால்ட் ரோல்"னு ஒரு இடம் இருக்கு, அது சப்ஸ்கிரைபரா இருக்கான்னு இப்பவே போய் பாத்துட்டு வாங்க.

இதையெல்லாம் எப்படி டெஸ்ட் பண்றது?

நல்லபடியா ரெஜிஸ்டர் ஆகுதாங்கறதை எல்லாரும் டெஸ்ட் பண்ணுவாங்க. நீங்க கெட்டவன் மாதிரி டெஸ்ட் பண்ணுங்க. ரெஜிஸ்டர் ரிக்வெஸ்ட்ல அட்மின்னு அனுப்பினா 400 (பேட் ரிக்வெஸ்ட்) வருதா, அக்கவுண்ட் உருவாகாம இருக்கா. 99 அனுப்பினா என்ன ஆகுது. எம்ப்ளாயர்னு ரெஜிஸ்டர் பண்ணி அப்ரூவ் ஆகறதுக்கு முன்னாடி ரெஸ்யூமே யூஆர்எல்லை நேரா அடிச்சா ரெஸ்யூமே வராம ஆக்சஸ் டினைடு பேஜுக்கு தள்ளுதா. ரோலை பிடுங்கின அப்புறம் பழைய குக்கியோட வந்தா எவ்வளவு நேரம் ஓடுது. ப்ரொஃபைல் எடிட் பேஜையும் விடாதீங்க, ரெஜிஸ்டரை பூட்டிட்டு எடிட்டை தொறந்து வச்சிருப்பாங்க. இதுல நாலஞ்சை ஆட்டோமேட்டட் டெஸ்ட்டா எழுதி வச்சுட்டா அடுத்து கோடை தொடறவர் உடைச்சாலும் பில்டுலயே தெரிஞ்சுடும்.

ஏற்கனவே லைவ்ல ஓடற சைட், ரோலே இல்லாம நிறைய யூசர் இருக்காங்க. இப்ப ரோல் கொண்டு வந்தா அவங்க எல்லாம் வெளிய மாட்டிக்குவாங்களா?

அப்படியே டிப்ளாய் பண்ணா மாட்டிக்குவாங்க. வரிசை முக்கியம்: முதல்ல ரோல் விதைக்கற கோடையும், புது ரெஜிஸ்ட்ரேஷன்ல ரோல் ஒட்டற கோடையும் மட்டும் லைவ் விடுங்க, ஆத்தரைஸ் கட்டுப்பாடு இன்னும் வேணாம். அப்புறம் பழைய யூசருக்கு ஒரு எஸ்க்யூஎல் ஸ்கிரிப்ட்: வேலை அறிவிப்பு போட்டவங்களை தனியா எடுத்து எம்ப்ளாயர் விண்ணப்ப டேபிள்ல சேத்து கையால பாத்து அப்ரூவ் பண்ணுங்க, அவங்க கேண்டிடேட்டாவும் வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தா அந்த ரோலையும் குடுங்க, மீதி எல்லாருக்கும் கேண்டிடேட். ஸ்கிரிப்ட் ரெண்டாவது தடவ ஓடினாலும் டூப்ளிகேட் எர்ரர் வராத மாதிரி, இல்லாதவங்களுக்கு மட்டும் போடற மாதிரி எழுதுங்க. முடிஞ்சதும், ரோலும் இல்லாம பெண்டிங் விண்ணப்பமும் இல்லாம எத்தனை யூசர் மிச்சம்னு ஒரு கவுண்ட் எடுங்க. ஜீரோ வந்தா ஒரு அரை மணி நேரம் விட்டு, குக்கியெல்லாம் புதுசானதும் ஆத்தரைஸை ஆன் பண்ணுங்க. ஜீரோ வரலைன்னா ஏதோ ஒரு வாசல்ல இன்னும் பழைய கோடு ஓடிக்கிட்டிருக்கு, பெரும்பாலும் அந்த கூகுள் லாகின்தான்.